ரசீது கிடைத்தால் பணம் புறப்படும்: திறமூலத்துக்கு நிதி கொடுக்கும் சேவைகள், கிருஷ்ணகிரிக் கணக்கில்

பாலக்கோட்டுக்குப் போகும் சரக்குக்கு டெலிவரி சலான் அடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘பாலக்கோடு’ என்பதில் உள்ள ‘கோ’வுக்கு இரட்டைக்கொம்பு முன்னால் நிற்க வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். கோப்பில் பதிவாகியிருப்பதோ ‘க’வும் அதன் பின்னால் ஒரே ஒரு குறியும்தான். அந்தக் குறியை இரண்டாக உடைத்து எழுத்துக்கு இரு பக்கமும் நிறுத்துவது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல (ஓபன் சோர்ஸ்) மென்பொருள், அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆபீஸ் என எல்லாவற்றுக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கிறது. தர்மபுரி அச்சகம் முதல் ஓசூர் சிப்காட் வரை தமிழில் அடிப்பதில் பெரும்பகுதி அதன் கை படாமல் வெளியே வராது. அதற்காக யாரும் பில் அனுப்பியதில்லை. அதனாலேயே நம் பக்கம் யாரும் கட்டியதும் இல்லை.

இப்படிப்பட்ட மென்பொருள்களுக்குத் திருப்பிக் கொடுக்க இப்போது பல சேவைகள் வந்துவிட்டன. பெரிய ஊர்களில் அவற்றை அளக்கும் அளவுகோல் வேறு. இந்த மதிப்பீட்டில் ஒரே கேள்விதான்: கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் உள்ள ஒரு நடுத்தரக் கம்பெனியின் அக்கவுண்டன்ட், இதை ஆடிட்டருக்குப் போன் போடாமல் புக் செய்ய முடியுமா? ஓனரைச் சம்மதிக்க வைக்க ஐந்து நிமிடம் போதும். ‘இத்தனை வருஷமா சும்மாவா ஓடுது?’ என்று அவரே கேட்பார். காரியம் நிற்பது அடுத்த மேஜையில். எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது, ரசீது யார் பெயரில், ஜிஎஸ்டி உண்டா, டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா? இதற்குப் பதில் இல்லாத சேவை எவ்வளவு நல்ல நோக்கத்தோடு நடந்தாலும் நம் ஊருக்கு உதவாது.

முதலில், யாருக்குக் கொடுப்பது என்று தெரிய வேண்டும். கணக்கு, ஸ்டாக், பில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற திறமூல மென்பொருளை வைத்து ஓட்டும் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியை எடுத்துக்கொள்வோம். கேட்டால் ‘ஈஆர்பிநெக்ஸ்ட் யூஸ் பண்றோம்’ என்று ஒரே பெயரில் முடித்துவிடுவார்கள். சர்வரைத் திறந்தால் உபுண்டு, மரியாடிபி, ரெடிஸ், என்ஜின்எக்ஸ், பைத்தான், இணையதளச் சான்றிதழுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் என்று வரிசை நீளும். சொந்தமாக ஆப் எழுதும் இடமாக இருந்தால் பட்டியல் எடுப்பது சுலபம். ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் ‘என்பிஎம் ஃபண்ட்’ என்று கட்டளை கொடுத்தால், அந்தப் புராஜெக்ட் நம்பியிருக்கும் தொகுப்புகளில் எவை நிதி கேட்டிருக்கின்றன, எந்த முகவரியில் என்று வரிசையாகக் கொட்டும். பிஎச்பி என்றால் ‘கம்போஸர் ஃபண்ட்’. இரண்டும் ஒரு நிமிட வேலை.

பட்டியலைப் பார்த்ததும் பெரிய பெயர்களுக்குக் கொடுக்கத் தோன்றும். கீழே இருப்பவர்களைத் தேடுங்கள். 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, அது இருந்த, உலகத்தின் பாதி இணையதளங்களைத் தாங்கிய ஓபன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு நன்கொடையாக வந்துகொண்டிருந்தது வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளில் பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) வைத்தவர், அதைப் பல வருடம் தனியாளாகக் கவனித்துவந்து களைத்துப்போன ஒருவரின் பக்கத்தில் உதவிக்கு வருவதுபோல் வந்து இடம்பிடித்தவர்தான். நம் ஃபேக்டரி சர்வரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஈஆர்பிநெக்ஸ்ட் பல வருடமாக பில்லை பிடிஎஃப் ஆக்கப் பயன்படுத்திய டபிள்யூகே-எச்டிஎம்எல்-டு-பிடிஎஃப் என்ற கருவியின் களஞ்சியம் (நிரலை வைத்துத் திருத்தும் இடம்) 2023-ல் பூட்டி வைக்கப்பட்டுவிட்டது. புதிதாக எதையும் திருத்த ஆளில்லை. இன்றும் எத்தனையோ சர்வர்களில் இன்வாய்ஸ் அதன் வழியாகத்தான் வருகிறது.

இனி சேவைகள்.

கிட்ஹப் ஸ்பான்சர்ஸ். மென்பொருள் எழுதுபவர்கள் நிரலை வைக்கும் கிட்ஹப் தளத்தின் நிதிச் சேவை, 2019-ல் தொடங்கியது. கைக்கு எளிது என்ற வகையில் இதுதான் முன்னால் நிற்கிறது. கம்பெனிப் பெயரில் ஆர்கனைசேஷன் கணக்கு ஒன்று இருந்தால், ‘எக்ஸ்ப்ளோர்’ பக்கத்துக்குப் போனால் போதும்: உங்கள் களஞ்சியங்கள் எந்தெந்த மென்பொருளை நம்பியிருக்கின்றன, அவற்றில் யார் யார் ஸ்பான்சர் வாங்கத் தயார் என்று அதுவே எடுத்துக் காட்டும். அந்தப் பட்டியலை சிஎஸ்வியாக (எக்செல்லில் திறக்கும் கோப்பு) இறக்கிக்கொள்ளலாம். பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் கொடுப்பதென்றால் பெயரும் தொகையும் போட்ட சிஎஸ்வியைத் திரும்ப ஏற்றிவிடலாம். ஒவ்வொருவர் பக்கமாகப் போய் அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

கட்டணத்தில் ஒரு நுணுக்கம். தனிநபர் கணக்கிலிருந்து கொடுத்தால் கிட்ஹப் ஒரு பைசா எடுப்பதில்லை. ஆர்கனைசேஷன் கணக்கிலிருந்து கார்டில் கொடுத்தால் 6% வரை போகும்: கார்டு செலவுக்கு 3, சேவைக் கட்டணம் 3. இன்வாய்ஸ் முறைக்கு மாறினால் அதில் 3 மிச்சம். இதைப் பார்த்துவிட்டு, ‘அப்ப ஓனர் சொந்த கார்டிலேயே போட்டுடலாமே’ என்று சில இடங்களில் யோசிப்பார்கள். செய்யாதீர்கள். ஆறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், ரசீது ஓனர் பெயரில் வந்து, கம்பெனிச் செலவாகக் காட்ட முடியாமல் நூறு ரூபாயும் அவர் தலையில் விழும்.

நம் பக்கத்துக் கார்டுகளில் சிக்கல் மூன்று இடத்தில் வரும். ஒன்று, 2020-ல் வந்த விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வரும். பேங்க் ஆப்பில் போய் அதைத் திறந்து, வரம்பும் வைக்க வேண்டும். இரண்டு, மாதாமாதம் தானாகப் பிடிக்கும் முறை. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி இதற்கு முன்கூட்டியே இ-மேண்டேட் (தானாகப் பிடிக்க நீங்கள் தரும் ஒப்புதல்) பதிவாகியிருக்க வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளர்கள் பலரிடம் அந்த ஏற்பாடு கிடையாது. முதல் மாதம் போகும், அடுத்த மாதம் பேங்க் திருப்பிவிடும், ஸ்பான்சர்ஷிப் தானாக ரத்தாகும், மூன்று மாதம் கழித்துத்தான் யாராவது கவனிப்பார்கள். அதனால் மாதச் சந்தாவே வேண்டாம், ஒரே தவணையாகப் போடுங்கள். இந்திய வாடிக்கையாளர்களுக்கென்று ஒருமுறை செலுத்தும் வழியை கிட்ஹப்பே தனியாக விளக்கி வைத்திருக்கிறது. மூன்று, கார்டு கம்பெனி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கழிவு. 3.5% வரை இருக்கும், அதன்மேல் 18% ஜிஎஸ்டி. நூறு டாலர் கொடுத்தால் உங்கள் கணக்கில் கழிவது 104-க்குச் சற்று மேல், எழுதியவர் கைக்குப் போவது 94.

ரசீதில் கம்பெனி முகவரி, ஜிஎஸ்டி எண் போன்ற கூடுதல் விவரங்களைச் சேர்க்க பில்லிங் பகுதியில் இடம் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்பே அதை நிரப்பிவிடுங்கள். இது தர்ம நன்கொடை ஆகாது, வரிவிலக்குக் கேட்க முடியாது. பத்துக்கு ஏழரை கொடுக்கலாம். மாதத் தவணைத் தலைவலி இல்லையென்றால் எட்டரை.

ஓபன் கலெக்டிவ். திறமூலத் திட்டங்களுக்கு நிதி திரட்டும் தளம். இதன் அழகு ஒரே விஷயத்தில் இருக்கிறது: கணக்குப் புத்தகம் திறந்தே கிடக்கிறது. ஒரு மென்பொருளின் பக்கத்துக்குப் போனால் யார் எவ்வளவு கொடுத்தார்கள், அதில் சர்வர் வாடகைக்கு எவ்வளவு, எந்த வேலைக்கு யாருக்கு எவ்வளவு போனது என்று வரி வரியாகப் படிக்கலாம். கோயில் திருவிழா முடிந்ததும் வரவு செலவை பிளெக்ஸில் அடித்து மாட்டுவார்களே, அதே மாதிரி. சந்தேகப் பேர்வழியான பங்குதாரர் இருக்கும் கம்பெனிகளில் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் கணக்கையே தேர்வுக்கும் பயன்படுத்துங்கள். இருப்பில் ஆயிரக்கணக்கான டாலர் கிடந்து, இரண்டு வருடமாகச் செலவே எழுதவில்லையென்றால் உங்கள் பணமும் அங்கே போய்த் தூங்கும். இருப்பு குறைவாக இருந்து, மாதாமாதம் பராமரிப்பவருக்குத் தொகை போய்க்கொண்டிருந்தால் அங்கே கொடுங்கள்.

குறை, கழிவு. திறமூலத் திட்டங்களுக்குப் பணத்தை வாங்கி வைக்கும் அமெரிக்க அமைப்பான ஓபன் சோர்ஸ் கலெக்டிவ் 10% எடுக்கிறது. கார்டுச் செலவு அதற்கு மேல். நூறு டாலரில் கைக்குச் சேர்வது 86, 87 என்று இருக்கும். சட்டப்படி பணம் வாங்க ஒரு அமைப்பு, கணக்கு எழுத ஆள், வரித் தாக்கல் எல்லாம் அதற்குள் அடக்கம் என்பதால் அநியாயம் என்று சொல்ல மாட்டோம். ஒரே திட்டம் இரண்டு இடத்திலும் இருந்தால் கிட்ஹப் வழியே அதிகம் சேரும். பத்துக்கு ஏழு.

இரண்டு இடத்துக்கும் பொதுவான எச்சரிக்கை: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிரபலமான மென்பொருளின் நகல் களஞ்சியங்கள் ஏராளம், அவற்றிலும் ஸ்பான்சர் பொத்தான் இருக்கும். திட்டத்தின் சொந்த இணையதளத்திலிருந்து கிளம்பி, அங்கே உள்ள இணைப்பு வழியாக மட்டும் போங்கள்.

லிபராபே பிரான்ஸிலிருந்து நடக்கும் லாபநோக்கற்ற சேவை, தனக்கென்று கழிவு எடுப்பதில்லை. தனிநபர்களுக்கு நல்லது. கம்பெனிக் கணக்குக்கு இங்கே சிபாரிசு செய்ய மாட்டோம். ஓபன் சோர்ஸ் பிளெட்ஜ் என்பது 2024 அக்டோபரில் வந்த உறுதிமொழித் திட்டம்: கம்பெனியில் உள்ள ஒவ்வொரு டெவலப்பருக்கும் வருடத்துக்குக் குறைந்தது 2,000 டாலர் கொடுக்க வேண்டும். டாலர் 90 ரூபாய் என்று வைத்தாலும் ஆளுக்கு 1,80,000. சான்பிரான்சிஸ்கோ சம்பளத்துக்குப் போட்ட கணக்கு அது. மூன்று டெவலப்பர் வைத்திருக்கும் ஓசூர் கம்பெனியிடம் போய் ஐந்தரை லட்சம் கேட்டால், அடுத்த தடவை கேட்டில் உள்ளே விடமாட்டார்கள்.

ரூபாயில் முடிக்கக்கூடிய வழிகள்தான் நம் மாவட்டங்களுக்கு நடைமுறையில் ஒத்து வருகின்றன. ஈஆர்பிநெக்ஸ்டையே எடுங்கள். அதை உருவாக்கும் ஃப்ராப்பே மும்பைக் கம்பெனி, 2008-லிருந்து இருக்கிறது. மென்பொருள் இலவசம், எங்கே வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அவர்களின் ஃப்ராப்பே கிளவுடில் வாடகைக்கு எடுத்தால் ரூபாயில் கட்டலாம், ஜிஎஸ்டி பில் வரும், இன்புட் கிரெடிட் எடுக்கலாம். விலை கூடிய பிளான்களில் மென்பொருள் பிழையைத் திருத்தித் தரும் உத்தரவாதமும் உண்டு. நீங்கள் கட்டும் வாடகையில் ஒரு பங்கு அந்த மென்பொருளை எழுதுபவர்களின் சம்பளமாகப் போகிறது. ‘இது நன்கொடை இல்லையே, விலைக்கு வாங்குவதுதானே’ என்று கேட்கலாம். ஆமாம், அதனால்தான் இது ஓடுகிறது. அக்கவுண்டன்ட் கேள்வியே கேட்காமல் ‘சாஃப்ட்வேர் செலவு’ என்று எழுதுவார். மலிவு விலை சர்வரில் யாரோ நிறுவிக்கொடுத்து வருடா வருடம் ஏஎம்சி வாங்கிக்கொண்டிருந்தால், அந்தப் பணத்தில் ஒரு காசும் எழுதியவர்களுக்குப் போகவில்லை என்பதையும் கவனியுங்கள். பத்துக்கு ஒன்பது.

ஃபாஸ் யுனைடெட் இந்திய லாபநோக்கற்ற அமைப்பு. இங்குள்ள திறமூலத் திட்டங்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது, பெங்களூரில் இந்தியாஃபாஸ் மாநாட்டை நடத்துகிறது. ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான், காலையில் பஸ் ஏறினால் மாலையில் திரும்பலாம். இரண்டு இன்ஜினியர்களுக்கு ஒரு நாள் டியூட்டி போட்டு அனுப்புவதும் ஒரு பங்களிப்பே. தமிழ்க் கணிமைக்கு என்று குறிப்பாகக் கொடுக்க நினைத்தால் கணியம் அறக்கட்டளை இருக்கிறது. கட்டற்ற தமிழ் மின்னூல்களும் தமிழ் மென்பொருள் வேலைகளும் அதன் வழியாக நடக்கின்றன, பேங்க் டிரான்ஸ்ஃபரில் ரூபாயாகவே அனுப்பலாம். எந்த அமைப்பாக இருந்தாலும் கட்டுவதற்கு முன் 80ஜி (நன்கொடைக்கு வரிவிலக்கு தரும்) சான்று உண்டா என்று கேட்டு நகலை வாங்கிவிடுங்கள். கட்டிய பிறகு கேட்டால் மார்ச் மாதம் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்து மெயில் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

வெளிநாட்டுக்குப் பெரிய தொகையை நேரடியாக பேங்க் வழி அனுப்ப நினைப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். இதில்தான் வண்டி சிக்கும். அந்நியச் செலாவணி விதியில் கம்பெனிகளின் நன்கொடைக்கு ஒரு வரம்பு உண்டு. கம்பெனியின் தொழிலோடு தொடர்புள்ள தொழில்நுட்ப அமைப்புக்கு நன்கொடை என்றால், முந்தைய 3 நிதியாண்டுகளில் நீங்கள் ஈட்டிய அந்நியச் செலாவணியில் 1%, அல்லது 50 லட்சம் டாலர், எது குறைவோ அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். மாங்கூழை வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பும் கிருஷ்ணகிரி ஃபேக்டரிக்கும், கிரானைட் ஏற்றுமதி செய்பவருக்கும், ரோஜா அனுப்பும் ஓசூர் பண்ணைக்கும் இது ஒரு பொருட்டே இல்லை. வருடம் 1 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி இருந்தால், மூன்று வருடத்துக்கு 3 கோடி, அதில் 1% 3 லட்சம். தர்மபுரியில் உள்ளூருக்கு மட்டும் அச்சடிக்கும் அச்சகத்துக்கு ஏற்றுமதி பூஜ்யம், பூஜ்யத்தில் 1% பூஜ்யம்.

அங்கேதான் நன்கொடை என்ற சொல்லை விட்டுவிட்டு, ஆதரவுச் சேவையாக வாங்குவது கை கொடுக்கிறது. பல திறமூலக் கம்பெனிகள் வருட சப்போர்ட் விற்கின்றன. லிப்ரெஆபீஸை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனே, பெரிய அலுவலகங்கள் நீண்டகால ஆதரவுள்ள பதிப்பைச் சப்போர்ட் கம்பெனிகளிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறது. இப்படி வாங்கினால் அது சேவை இறக்குமதி. ரிவர்ஸ் சார்ஜில் 18% ஜிஎஸ்டியை நீங்களே கட்டி, தகுதி இருந்தால் இன்புட்டாகத் திரும்ப எடுக்க வேண்டும். பேங்கில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவமும், எதற்காக அனுப்புகிறீர்கள் என்று சொல்லும் பர்ப்பஸ் கோடும் கேட்பார்கள். வருமான வரித் தரப்பில் 15சிஏ, 15சிபி என்று ஆடிட்டர்கள் பழக்கத்தில் சொல்லும் அறிவிப்பும் சான்றும் தேவைப்படலாம். இன்வாய்ஸில் ‘டொனேஷன்’ என்று இருந்து, பர்ப்பஸ் கோடில் ‘சாஃப்ட்வேர் சேவை’ என்று போட்டால் பேங்க் நிறுத்திவிடும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று அனுப்பும் முன் பாருங்கள். 20,000 ரூபாய்க்கெல்லாம் இந்தச் சுற்று வேண்டாம், கார்டே போதும்.

சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய) நிதியில் கொடுக்க முடியுமா என்று ஓசூர்ப் பெரிய ஃபேக்டரிகளில் கேட்பது வழக்கம். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்டாலே 2% கடமை வந்துவிடும். ஆனால் சிஎஸ்ஆர் வேலை இந்தியாவுக்குள் நடக்க வேண்டும், அதைச் செய்யும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 பதிவு பெற்றிருக்க வேண்டும். ஹார்ஃப்பஸுக்கு அதில் கொடுக்க வழியில்லை. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி மாதிரி இடத்தில் கட்டற்ற மென்பொருள் பயிற்சி என்று கல்வித் தலைப்பில் அமைத்தால் பொருந்தும்.

காசே இல்லாமல் கொடுக்கக்கூடியது பிழை அறிக்கை. இதை இலவசச் சேவை என்று நினைத்து அலட்சியமாக எழுதுவதுதான் பிரச்சினை. ‘தமிழ் பிரிண்ட் சரியாக வரவில்லை’ என்று ஒரு வரியும், மொபைலில் எடுத்த மங்கல் படமும் போட்டால் பராமரிப்பவர் என்ன செய்வார்? மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், எழுத்துருவின் பெயர், பிழை வரும் ஒரே ஒரு சொல், அது எப்படி வரவேண்டும், எப்படி வருகிறது, அந்தச் சொல் மட்டும் இருக்கும் சின்னக் கோப்பு. இவ்வளவும் வேண்டும். அனுப்பும் முன் ஒன்றைச் சோதியுங்கள்: பிடிஎஃப்பில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் அது மென்பொருள் பிழை இல்லை, சர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லை என்று பொருள். லோஹித் தமிழ் எழுத்துருத் தொகுப்பை நிறுவினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எழுத்து வந்து, கொம்பு மட்டும் இடம் மாறி ‘பாலக்கோடு’வில் ‘க’வுக்குப் பின்னால் போய் நின்றால் அது அறிக்கைக்குரிய பிழை. சாட்பாட்டிடம் எழுதி வாங்கிய நீளமான அறிக்கையைச் சரிபார்க்காமல் ஒட்டுவது, உதவி செய்யாமல் இருப்பதைவிட மோசம். ஆளில்லாத இடத்தில் இருக்கும் ஒருவரின் அரை நாளைத் தின்றுவிடும்.

மொழிபெயர்ப்பு அடுத்தது. லிப்ரெஆபீஸுக்கு வெப்லேட் என்ற தளத்தில் பிரவுசரிலேயே தமிழ் வரிகளைத் திருத்தலாம், நிரல் தெரிய வேண்டியதில்லை. ஆபீஸில் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதலில் அந்த மொழிக்குழுவின் சொற்பட்டியலைப் படிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரே மெனுவில் மூன்று பேர் மூன்று சொல் போட்டு வைப்பார்கள். மெஷின் மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்ற வேண்டாம். இன்னொன்று, கணக்கு மென்பொருள்களில் பேட்ச் எண்ணைத் ‘தொகுதி எண்’ என்றும் இன்வாய்ஸை ‘விலைப்பட்டியல்’ என்றும் தூய தமிழில் போட ஆசை வரும். தோத்தாபுரி டின்னின் மேல் பேட்ச் நம்பர் ஒட்டும் ஷிஃப்ட் ஆள் அந்தத் திரையைப் பார்த்தால் ‘தொகுதி’ என்றதும் எம்எல்ஏ ஞாபகம்தான் வரும். அவர் வாயில் இருப்பது பேட்ச், பில், கேட் பாஸ். அதைத் தமிழ் எழுத்தில் போட்டாலே அவருக்குத் திரை புரியும்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். கிருஷ்ணகிரியில் மே முதல் ஜூலை வரை யாரிடமும் போகாதீர்கள். லாரி வரிசையும் கூழும்தான் தலைக்குள் இருக்கும். பட்டியலை ஆகஸ்டில் எடுத்து, செப்டம்பரில் தொகையைப் பேசி முடித்து, பிப்ரவரி கடைசிக்குள் கட்டிவிட்டால், மார்ச் 31-க்குள் ரசீது ஃபைலில் ஏறிவிடும்.